இரண்டாவது ஃபைபர்

மதுரையைச் சுற்றி நெட்வொர்க் வேலை பார்த்தவர்களுக்கு மண்ணின் குணம் தெரிந்திருக்கும். திருமங்கலம் பக்கம் கரிசல். மழை பெய்த பிறகு பள்ளம் எடுத்தால் மண் மண்வெட்டியை விட்டுக் கழலாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிக்கும். மேலோட்டமாகப் புதைத்த குழாயை அந்த வெடிப்பே இழுத்து இணைப்பில் பிரித்துவிடும். மேலூர், அழகர்கோயில் பக்கம் போனால் கொஞ்சம் தோண்டியதுமே பாறை தட்டும். பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. வைகைக் கரையோரம் தோண்டுவது சுலபம், ஆனால் பள்ளத்தின் பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும். 2000-களின் பிற்பாதியில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, ஃபைபர் கேபிளின் விலையைவிட அதைப் புதைக்கிற செலவுதான் கூட. அப்படிப் புதைத்த ஒரு கேபிள் வேலை செய்யாமல் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

அந்தச் செலவை யோசித்துத்தான் ஊருக்கு ஊர் இணைப்பதற்குப் பலர் காற்றுவழியை நாடினார்கள். மேலூர் வட்டத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் சென்னை ஐஐடியின் கார்டெக்ட் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் வந்தன. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து தன் பார்வை மையங்களை நீண்டதூர வைஃபை மூலம் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியைத் தேனியில் இருந்த மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். மகத்தான வேலை அது. ஆனால் ஒரே வளாகத்துக்குள் நூற்றுக்கணக்கான கணினி, கேமரா, தொலைபேசி என்று வந்துவிட்டால் மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நான் அதிக காலம் பார்த்தது திருமங்கலம் சாலைப் பக்கத்துக் கல்வி வளாகம் ஒன்றை. நிர்வாகக் கட்டடத்தில் ஒரு பெரிய ஸ்விட்ச், நூலகக் கட்டடத்தில் இன்னொன்று. ஆய்வகம், விடுதிகள், பணிமனை, உணவகம் என்று ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் இரண்டு ஃபைபர் கிளம்பும். ஒன்று நிர்வாகக் கட்டடத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு. இரண்டும் வெவ்வேறு பள்ளத்தில். ஒரு பக்கத்தை ஜேசிபி அறுத்தால் மறுபக்கம் காப்பாற்றும் என்பது கணக்கு. வளாகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருந்ததால் அந்தக் கணக்கு அடிக்கடி பலித்தது.

ஆனால் இரண்டு வழி இருந்தால் சுற்று, அதாவது லூப், உண்டாகும். சுற்று உண்டானால் நெட்வொர்க் சாகும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும், பூஜ்யமானால் ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். ஸ்விட்சுகளுக்கு இடையே போகிற ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் எதுவும் கிடையாது. எல்லோருக்குமாக அனுப்பிய ஒரு ஃபிரேம் சுற்றுக்குள் மாட்டினால், ஒவ்வொரு ஸ்விட்சும் அதை நகலெடுத்து எல்லாப் போர்ட்டிலும் தள்ளும். திரும்பி வந்ததை மறுபடியும் தள்ளும். சில நொடிகளில் வேறு எதற்கும் இடமிருக்காது.

அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாதாரண நாளில் ஸ்விட்சின் பச்சை விளக்குகள் ஆளுக்கொரு விதமாக மினுக்கிக்கொண்டிருக்கும். லூப் விழுந்தால் வரிசை முழுக்க ஒன்றாக, ஒரே வேகத்தில், நிற்காமல் அடிக்கும். கன்சோலில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் அடுத்த வார்த்தையைத் தட்டி முடித்திருப்போம். எங்கள் வளாகத்தில் அது நடந்த அன்று, ஒவ்வொரு கட்டடத்தின் ஃபைபராகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கினவோ அந்தக் கட்டடத்துக்கு ஓடினோம். ஓர் ஆய்வகத்தின் மேசைக்கடியில் தூசி படிந்த எட்டுப் போர்ட் ஸ்விட்ச். அதில் ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனையும் செருகியிருந்தன. யாரோ தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து, நல்லெண்ணத்தில் காலி ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டிய ஸ்பேனிங் ட்ரீயை அந்தக் கட்டட ஸ்விட்சில் அதைப் பொருத்திய நிறுவனத்தின் ஆட்கள் முன்பே அணைத்து வைத்திருந்தார்கள். அது இருந்தால் கணினியை ஆன் செய்ததும் முப்பது நொடி நெட் வராது என்று ஆய்வகத்தில் புகார் வந்ததாம். கணினி செருகும் போர்ட்டை மட்டும் விளிம்புப் போர்ட் என்று அறிவித்தால் அந்தக் காத்திருப்பு போய்விடும். ஒரு வரிக் கட்டளை.

ஸ்பேனிங் ட்ரீயை வடிவமைத்தவர் ராடியா பெர்ல்மன். 1985-இல், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில். ஸ்விட்சுகள் தங்களுக்குள் சிறு சிறு செய்திகளை அனுப்பிக்கொண்டு ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். அதை ரூட் என்பார்கள். அந்த ரூட்டுக்குப் போக மிகக் குறைந்த செலவுள்ள வழியை மட்டும் ஒவ்வொன்றும் திறந்து வைத்து, மிச்சத்தை அடைக்கும். திறந்த வழி அறுந்தால் அடைத்தது திறக்கும். மனிதர் யாரும் உட்கார்ந்து வரைபடம் போட வேண்டாம். 1990-இல் இது 802.1டி என்ற தரநிலையாயிற்று. நாற்பது ஆண்டாக உலகத்தின் அலுவலகங்களையும் கல்லூரிகளையும் சாகாமல் காப்பாற்றி வருகிறது. இவ்வளவு எளிமையாக ஒரு பெரிய காரியத்தைச் செய்யும் வழிமுறைகள் கணினித் துறையில் அதிகம் கிடையாது என்பது என் எண்ணம்.

யார் ரூட் என்று தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து வரும்போது எல்லாவற்றிலும் 32768. எல்லாம் சமமென்றால் எதன் மேக் முகவரி சிறியதோ அது ஜெயிக்கும். பெரும்பாலும் பழைய ஸ்விட்சின் முகவரிதான் சிறியதாக இருக்கும். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-இல் எங்களுக்கு இது புரிந்தது. மதுரைப் பக்கம் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. இரண்டு பெரிய ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் இருந்தது, அவை அணையவில்லை. இருந்தும் கரண்ட் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, வளாகம் முழுக்க ஒரு நிமிடம் போல நெட் அறுந்தது. காரணம் பணிமனை. அங்கே கிடந்த ஒரு பழைய ஸ்விட்ச், யுபிஎஸ் இல்லாதது, மொத்த வளாகத்துக்கும் ரூட்டாக உட்கார்ந்திருந்தது. நிர்வாகக் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே போட்ட நேரடி ஃபைபரைக்கூட ஸ்பேனிங் ட்ரீ அடைத்துவிட்டு, போக்குவரத்தை அந்தப் பணிமனை வழியாகச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. அது பிழை செய்யவில்லை. யாரும் எதுவும் சொல்லாததால் விதிப்படி தேர்ந்தெடுத்தது. நிர்வாகக் கட்டட ஸ்விட்சுக்கு 4096, நூலகத்துக்கு 8192 என்று வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீர்ந்த பிறகுதான் அடுத்தது கண்ணில் பட்டது. இப்போது நிர்வாகக் கட்டடமே நிரந்தர ரூட். அப்படியென்றால் எல்லாக் கட்டடத்திலிருந்தும் நூலகத்துக்குப் போகிற ஃபைபர் அடைபட்டுக் கிடக்கும். பள்ளம் வெட்டி, குழாய் போட்டு, ஸ்ப்ளைஸ் செய்து வைத்த கேபிளில் பாதி, விபத்துக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்தது. அந்த நேரத்தில் வளாகத்துக்குக் கேமராக்கள் வந்தன. பதிவு செய்யும் பெட்டி நூலகக் கட்டடத்தில். விடுதிக் கேமராவின் படம் முதலில் நிர்வாகக் கட்டடத்துக்குப் போய், அங்கிருந்து நூலகத்துக்கு வரும். விடுதிக்கும் நூலகத்துக்கும் நேரே ஃபைபர் இருக்கிறது, அடைபட்டிருக்கிறது. அதே நெரிசலில் மாணவர்களின் இணையம், தேர்வுத்துறையின் கோப்புகள், மேசைத் தொலைபேசி. மாலை ஏழு மணிக்கு மேல் தொலைபேசியில் குரல் உடைந்து உடைந்து வந்தது.

பள்ளம் வெட்டும்போது கூடவே நின்ற மின்பணியாளர் அண்ணன் ஒருவர், மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஒரு நாள் ரேக்கைத் திறந்து பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, அப்ப இந்தக் கேபிளு சும்மாதேன் கெடக்கா?"

"ஆமாண்ணே. அங்கிட்டு அந்தால அறுந்தாத்தான் இது எந்திரிக்கும்."

"இதுக்கா சித்திரை வெயில்ல பள்ளம் வெட்டுனோம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் நான் மல்ட்டிப்பிள் ஸ்பேனிங் ட்ரீயைப் படிக்க உட்கார்ந்தேன். தொழிலில் எல்லோரும் எம்எஸ்டி என்பார்கள்.

வளாகத்தில் ஏற்கெனவே வீலான்கள் இருந்தன. ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தாலும் அலுவலகக் கணினியும் விடுதிக் கணினியும் ஒன்றையொன்று பார்க்காதபடி போக்குவரத்தை எண் போட்டுப் பிரிப்பதுதான் வீலான். 1 முதல் 4094 வரை எண் போடலாம். பழைய ஸ்பேனிங் ட்ரீக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. எத்தனை வீலான் இருந்தாலும் ஒரே மரம். ஒரு நிறுவனம் தன் ஸ்விட்சுகளில் வீலானுக்கு ஒரு மரம் என்று தனியாகக் கொண்டுவந்தது. நல்ல யோசனை, ஆனால் நாற்பது வீலான் இருந்தால் நாற்பது மரம், நாற்பது வகைச் செய்தி; சிறிய ஸ்விட்சுகளுக்குச் சுமை. அதோடு எங்கள் வளாகத்தில் குறைந்த விலைக்கு டெண்டர் விட்டு வாங்கியதால் கட்டடத்துக்கு ஒரு பிராண்ட் இருந்தது. எம்எஸ்டி எல்லோருக்கும் பொதுவான தரநிலை. 802.1எஸ் என்று 2002-இல் வந்து, அடுத்த ஆண்டே 802.1கியூவுக்குள் சேர்ந்துவிட்டது. அது சொல்வது இதுதான்: உன்னிடம் இரண்டே வழி இருக்கும்போது நாற்பது மரம் எதற்கு? இரண்டு மரம் போதும். வீலான்களை இரண்டு கூட்டமாகப் பிரி. ஒரு கூட்டத்துக்கு நிர்வாகக் கட்டடம் ரூட், மற்றதற்கு நூலகம் ரூட். முதல் கூட்டத்துக்கு அடைபட்ட ஃபைபர் இரண்டாம் கூட்டத்துக்குத் திறந்திருக்கும். அதற்கு அடைபட்டது இதற்குத் திறந்திருக்கும். ஏதாவது ஒன்று அறுந்தால் இரண்டு கூட்டமும் மிஞ்சிய ஒன்றில் போகும்.

அண்ணனிடம் சொன்னபோது ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். "பெரியாத்துத் தண்ணிக்கு முறை வைக்கிறதுதானே. நம்மூரு முறையில அந்த மடை அடைப்பு, அவுக ஊரு முறையில இந்த மடை அடைப்பு." வாய்க்காலில் முறை மாறி மாறி வரும், இங்கே இரண்டு முறையும் ஒரே நேரத்தில் ஓடும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதையும் சொன்னேன். "அப்ப அதைவிட நல்லதாப் போச்சு" என்றார்.

கட்டளைகளைத் தட்டுவது பெரிய வேலையில்லை. எம்எஸ்டி கேட்பது வேறு ஒன்று: எல்லா ஸ்விட்சும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ள வேண்டும். வட்டாரத்தின் பெயர், திருத்த எண், எந்த வீலான் எந்த மரத்தில் என்ற அட்டவணை, இந்த மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் அவை ஒரே வட்டாரம். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால்கூட ஆகாது. 4096 இடமுள்ள அந்த அட்டவணையை ஸ்விட்சுகள் முழுதாக அனுப்பிக்கொள்வதில்லை. அதிலிருந்து 16 பைட் நீளத்தில் ஒரு சுருக்கத்தைக் கணக்கிட்டு, அதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு வீலானை ஒரு ஸ்விட்சில் மட்டும் இடம் மாற்றி எழுதினால் அந்தச் சுருக்கம் மொத்தமாக மாறி, அந்த ஸ்விட்ச் தனி வட்டாரமாக ஒதுங்கிவிடும். ஆக, இனி வரப்போகும் வீலான்களுக்கும் சேர்த்து முதல் நாளே அட்டவணையை எழுதிவிட வேண்டும்.

அதற்கு மனிதர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். அலுவலக மேலாளர், ஆய்வகப் பொறுப்பாளர்கள், விடுதிக் காப்பாளர், கேமராவைக் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரி, எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பதற்கே நாள் பிடித்தது. எல்லோரும் தங்கள் போக்குவரத்துதான் முக்கியம் என்றார்கள். ஒரு விடுதிக் காப்பாளர் மட்டும் கேட்டார்: "எங்க பிள்ளைங்கள ரெண்டாவதுல போட்டா ரெண்டாந்தரமா, சார்?" அதை நான் மதித்தேன். எண் வரிசைக்குத்தான் ஒன்று, இரண்டு. வழி இரண்டும் சம அகலம்தான் என்று இரண்டு ஃபைபரின் வேக எண்ணையும் காட்டினேன்.

பணம் ஒதுக்குகிறவர்களுக்குச் சொல்வதற்கு வேறு ஒரு கதை வைத்திருந்தேன். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நான்கு நாள் போல முடங்கிக் கிடந்தது. காலப்போக்கில் கட்டடத்தோடு கட்டடம் கோத்துக்கொண்டே போனதில், ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் எல்லையை அது தாண்டியிருந்தது. மருத்துவர்கள் பேனா, தாளுக்குத் திரும்பினார்கள். மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா எதையும் மறைக்காமல் வெளியில் பேசியதால்தான் எங்களைப் போன்றவர்கள் அதிலிருந்து கற்க முடிந்தது. தாளாளர் முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரும் இல்லாத நாளாப் பாத்துச் செய்யுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. விடுதிகள் முக்கால்வாசி காலியாக இருக்கும். அன்றைக்கு மாற்றினோம். அலுவலகத்துக்கு 100 வரிசை, ஆய்வகங்களுக்கு 200, தொலைபேசிக்கு 300. இவை முதல் மரம், ரூட் நிர்வாகக் கட்டடம். விடுதிகளுக்கு 500 வரிசை, கேமராவுக்கு 600. இவை இரண்டாம் மரம், ரூட் நூலகம். வரிசையின் நூறு எண்ணையும், அதில் மூன்றோ நாலோதான் உபயோகத்தில் இருந்தாலும், முழுதாக எழுதிவிட்டோம். எதிலும் சேராத வீலான்கள் தாமாகப் பூஜ்யம் என்ற மரத்தில் இருக்கும். எம்எஸ்டி தெரியாத பழைய ஸ்விட்சுகளோடு பேசுவது அந்த மரம்தான் என்பதால் அதற்கும் ரூட்டைச் சொல்லிவைக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கேட்வே. விடுதி வீலானின் மரத்துக்கு நூலகம் ரூட், ஆனால் அந்த வீலானிலிருந்து வெளியே போகும் வாசல் நிர்வாகக் கட்டட ஸ்விட்சில் இருந்தால் என்ன ஆகும்? போக்குவரத்து நேரான ஃபைபரில் நூலகத்துக்கு வந்து, அங்கிருந்து குறுக்கே நிர்வாகக் கட்டடத்துக்குப் போகும். மரத்தை மாற்றிய பலன் பாதி போய்விடும். இரண்டு பெரிய ஸ்விட்சும் விஆர்ஆர்பி என்ற நெறிமுறை வழியாகக் கேட்வே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும். எந்த மரத்துக்கு எது ரூட்டோ அதுவே அந்த வீலான்களின் முதல் கேட்வேயாக இருக்கும்படி சேர்த்து மாற்ற வேண்டும். அதையும் அன்றே முடித்தோம்.

சோதிக்க, விடுதியிலிருந்து நூலகத்துக்குப் போகிற ஃபைபரை அண்ணனே கழற்றினார். நான் பிங் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் ஒன்று தவறியது, அடுத்தது வந்துவிட்டது. பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 நொடி வரை பிடிக்கும். எம்எஸ்டி, 2001-இல் வந்த வேகமான ஸ்பேனிங் ட்ரீயின் மேல் கட்டப்பட்டது என்பதால் இந்த வேகம். திரும்பச் செருகினார். இரண்டு ஃபைபரிலும் போக்குவரத்து ஏறுவதை எண்ணிக்கையில் காட்டினேன். "இப்பத்தேன் வெட்டுனதுக்கு அர்த்தம்" என்றார்.

பல மாதம் கழித்து ஒரு தொல்லை வந்தது, இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். கட்டட வேலையில் ஒரு விடுதியின் நூலகப் பக்க ஃபைபர் அறுந்தது. விடுதி இணையம் மறுபக்கம் தாவிவிட்டது, ஆனால் அந்த விடுதியின் கேமராக்கள் மட்டும் இருட்டு. பராமரிப்புக்கு வந்த ஒப்பந்த ஆட்கள், நிர்வாகக் கட்டடத்துக்குப் போகும், பல வீலான்களைச் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் கேமரா வீலான் தேவையில்லை என்று சுத்தம் செய்து நீக்கியிருந்தார்கள். அது போகிற வழி நூலகம்தானே என்ற எண்ணம். மரத்துக்குத் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். கூட்டத்துக்குள் இருக்கிற ஒரு வீலானை யாராவது ஒரு ஃபைபரில் தடுத்து வைத்திருக்கிறார்களா என்று அது பார்ப்பதில்லை. இரண்டாம் மரம் நிர்வாகக் கட்டட ஃபைபருக்கு மாறியது, விடுதி வீலான் அதில் போயிற்று, கேமரா வீலான் கதவில் நின்றுவிட்டது. ஒரு மரத்தில் இருக்கிற எல்லா வீலானும் எல்லா டிரங்கிலும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அட்டவணையை அச்சிட்டு, அதற்குக் கீழே இந்த வரியையும் சேர்த்து, ஒவ்வொரு ரேக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டினோம்.

இப்போது கட்டும் புதிய வளாகங்களில் இரண்டு பெரிய ஸ்விட்சை ஒன்றாகவே நடக்க வைத்து, இரண்டு ஃபைபரையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். அடைக்க எதுவும் மிஞ்சாது. பெர்ல்மனே பிற்காலத்தில் ஸ்பேனிங் ட்ரீயின் இடத்தில் வைக்க டிரில் என்ற வேறொரு முறையை முன்வைத்தார். 2011-இல் அதற்கான தரநிலை வெளியானது. நல்லது. ஆனால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் மில்களிலும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பிராண்டில் வாங்கிய ஸ்விட்சுகள்தான் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிற வசதி யாருக்கும் இல்லை. அவர்களிடம் இருக்கிற இரண்டு ஃபைபரையும் உழைக்க வைக்க எம்எஸ்டி போதும் என்று இன்றைக்கும் சொல்லி வருகிறேன்.

சமீபத்தில் அந்த வளாகத்தில் புதிதாக மாணவியர் விடுதி ஒன்று எழுந்தது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் பெண், திருப்பரங்குன்றத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, என்னைக் கைபேசியில் கூப்பிட்டார். பெரிய ஸ்விட்சுகளில் என்ன மாற்ற வேண்டும், எத்தனை மணிக்கு நெட்டை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். கதவில் ஒட்டிய தாளைப் பார்க்கச் சொன்னேன். 500 வரிசையில் 540 காலியாக இருந்தது. அந்த எண் முதல் நாளே இரண்டாம் மரத்தில் எழுதப்பட்டிருந்தது. மரத்தில் எதையும் தொடாமல், வீலானை உருவாக்கி டிரங்குகளில் அனுமதித்து, நூலகத்தை அதன் கேட்வேயாக்கி, புதிய ஸ்விட்சில் அதே பெயர், அதே திருத்த எண், அதே அட்டவணையை ஏற்றினார். சாயங்காலத்துக்குள் மாணவியர் இணையத்தில் இருந்தார்கள்; வளாகத்தில் வேறு எவருக்கும் ஒரு நொடிகூட நெட் அறுபடவில்லை.